பெனிங்டன் வீட்டில் ஆர்டெல்லாவின் சிரிப்பு

என் மனைவி ஆர்டெல்லா பிக்கெட் ஐந்து வருஷம் தொலைக்காட்சியில் வந்தாள். யாரும் அவளைப் பார்த்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு 'பெனிங்டன் வீடு' போடுவார்கள். அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள், நடுவில் ஒரு மாடிப்படி, கதவைத் தட்டாமல் உள்ளே வரும் பக்கத்து வீட்டுக்காரர், ஒரு நாய். எல்லோரும் வெள்ளை, நாய் உட்பட. பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் கறுப்பர்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் அம்மாவிடம் கத்திவிட்டு மாடிக்கு ஓடிப்போய்க் கதவை அறைந்து சாத்துவார்கள். அப்போதெல்லாம் என் அம்மா டிவியை விட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார். நினைத்துக்கூடப் பார்க்காதே என்று அர்த்தம்.

அது கூட்டத்தை உட்கார வைத்து, அவர்கள் முன்னால் நடித்து எடுத்த தொடர். சிரிப்பெல்லாம் நிஜமான ஆட்களின் சிரிப்பு. காமிரா மட்டும் ஒருபோதும் அவர்கள் பக்கம் திரும்பாது. அந்தச் சிரிப்புக் கும்பலில் ஒரு சிரிப்பு தனியாகக் கேட்கும். முதலில் மூச்சை இழுக்கும் ஒரு சத்தம். பிறகு மூன்று படி மேலே ஏறும். உச்சியில் ஒரு விக்கல். அப்புறம் "ஐயோ கர்த்தாவே" என்று சொல்லிக்கொண்டே மெல்ல இறங்கும். என் அம்மா துணி மடிப்பதை நிறுத்திவிட்டுச் சொல்வார்: "அது நம்ம பொண்ணுடா. சத்தியம் பண்றேன்."

எனக்கு அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். தினமும் வெர்மான்ட் அவென்யூ பஸ்ஸில் போவேன். ஒரு நாள் ஒரு பெரியவர் ஏறி, பஸ் தாமதமாக வந்ததற்காக ஓட்டுநரைத் திட்ட ஆரம்பித்தார். திட்டின வேகத்தில் பல் செட் கழன்று அவர் கையில் இருந்த தொப்பிக்குள் விழுந்தது. ஓட்டுநர் ஒரு பெண். அந்தக் காலத்தில் பஸ் ஓட்டும் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவள் மூச்சை இழுத்தாள். மூன்று படி ஏறினாள். விக்கினாள். கர்த்தரைக் கூப்பிட்டாள்.

நான் எழுந்து முன்னால் போய், "நீங்க வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு எங்க வீட்டுக்கு வர்றீங்க" என்றேன்.

"தரையில போட்டிருக்கற மஞ்சள் கோட்டுக்குப் பின்னாடி நில்லு, வாத்தியாரே" என்றாள்.

அன்று நான் வாத்தியார் இல்லை. கையில் புத்தகம் இருந்தது, அவ்வளவுதான். பிற்பாடு முப்பத்தொரு வருஷம் பள்ளியில் வடிவியல் சொல்லிக்கொடுத்தேன். வேலை கிடைத்த அன்று, நான்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே என்று அவள் பெருமையடித்துக்கொண்டாள். கடைசிவரை என்னை அப்படித்தான் கூப்பிட்டாள்.

அவள் அந்தத் தொடருக்குள் போனதற்குக் காரணம் கால்வலி. அவளுடைய ஷிப்ட் முடியும் நிறுத்தத்துக்கு எதிரே ஸ்டுடியோ இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஸ்டுடியோ ஆட்கள் காலி இருக்கைகளை நிரப்ப பஸ் நிறுத்தத்துக்கே வந்து அனுமதிச் சீட்டு கொடுப்பார்கள். உள்ளே ஏசி இருக்கும் என்று கேள்விப்பட்டுப் போனாள். போய் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சிரித்தாள். அடுத்த வாரம் ஒலிப்பதிவுக்காரர் நிறுத்தத்துக்கே வந்து அவளைத் தேடினார். அதற்கப்புறம் மேலிருந்து தொங்கும் மைக்குக்கு நேர் கீழே அவளுக்கு ஓர் இருக்கை, வாராவாரம் ஒரு வான்கோழி சாண்ட்விச். இப்படி ஐந்து வருஷம்.

ஒரே ஒரு முறை அங்கே உட்கார்ந்தும் அவள் சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் முதல்முறையாக பெனிங்டன் வீட்டுக்குள் ஒரு கறுப்பர் நுழைந்தார். சோபாவைத் தூக்கிப்போக வந்த வேலையாள். மூன்று நிமிஷம் நின்றார். அவர் பேசுவது, நடப்பது, வீட்டைப் பார்த்து வாய் பிளப்பது எல்லாமே நகைச்சுவை என்று வைத்திருந்தார்கள். கூட்டம் சிரித்தது. ஆர்டெல்லா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில் ஒலிப்பதிவுக்காரர் வந்து, ஒரு சிரிப்பு, ஒன்றே ஒன்று போதும் என்று கெஞ்சியிருக்கிறார். அவள் சாண்ட்விச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதுக்காக நான் சிரிச்சதே இல்ல, தம்பி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இரண்டு வாரம் கழித்து அவரே வந்து மறுபடியும் கூட்டிக்கொண்டு போனார். சோபா தூக்குகிறவர் அதற்கப்புறம் வரவில்லை.

தொடர் முடிந்தது. ஆர்டெல்லா முப்பத்துநான்கு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றாள். ஞாயிறுகளில் எங்கள் சபையில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வாசலில் நின்று ஆட்களை இருக்கைக்கு அழைத்துப்போவாள். அந்த வேலையில் இருப்பவர்கள் முகத்தைக் கல் போல வைத்துக்கொள்ள வேண்டும். பாஸ்டர் தடுக்கி விழுந்தாலும் சிரிக்கக் கூடாது. அதனால் ஞாயிறு மதியம் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும், அடக்கி வைத்த ஒரு வாரச் சிரிப்பையும் சிரித்து முடிப்பாள். அதற்கப்புறம்தான் நான் வண்டியைக் கிளப்ப முடியும்.

மதிய நேரங்களில் பழைய தொடரை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் இருந்தபடி தன் இருபத்துமூன்று வயதுச் சிரிப்பைக் கேட்பாள். "நான் அந்த வீட்டுச் சுவருக்கு வெளியிலேயே நின்னுட்டேன், வாத்தியாரே. உள்ள போய் ஒரு நாள் அந்த சோபால உக்காந்திருக்கலாம்" என்பாள். வருத்தமாகச் சொல்லமாட்டாள். அந்த சோபாவின் மேல் அவளுக்கு ஒரு கண், அவ்வளவுதான்.

அவளுக்கு அறுபத்தேழு வயதானபோது ஒரு செவ்வாய்க்கிழமை கென்யாட்டா புரூசார்ட் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். முப்பத்தைந்து வயதிருக்கும், டிவி தொடர்களுக்கு எழுதுகிறவள். கையில் 'பை' என்று நாங்கள் சொல்லும் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பண்டம் ஒன்றை வைத்திருந்தாள். ஆர்டெல்லா அச்சில் வார்த்ததுபோல இருந்த அதன் ஓரத்தைப் பார்த்தாள்.

"கடையில வாங்கினதா, கண்ணு?"

"ஆமா, மிஸ் ஆர்டெல்லா" என்றாள். மூத்த பெண்களை எங்களில் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"பரவாயில்ல. உள்ள வா."

'பெனிங்டன் வீடு' தொடரைப் புதிதாக எடுக்கப்போகிறார்கள் என்றாள் கென்யாட்டா. அதே வீடு, அதே மாடிப்படி, அதே சோபா, கதை நடப்பதும் அதே எழுபதுகளில். குடும்பம் மட்டும் கறுப்பர் குடும்பம். பழைய கதைகளை எடுத்துக்கொண்டு, நம் வீட்டில் அது நடந்திருந்தால் எப்படி இருக்கும் என்று எழுதுகிறார்கள். பழைய அத்தியாயங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது இந்தச் சிரிப்பு காதில் விழுந்திருக்கிறது. இது யாரோ நம்மவர் என்று சபை சபையாக விசாரித்து வந்திருக்கிறாள்.

"நம்மாளுங்களுக்கு பெனிங்டன்னு பேர் எப்படி வந்துச்சுன்னு கேக்கமாட்டாங்களா?" என்றாள் ஆர்டெல்லா.

"முதல் பக்கத்திலேயே அதைத்தான் ஜோக்கா எழுதியிருந்தேன். பழைய பெனிங்டனோட முப்பாட்டன்கிட்ட கேட்டுக்கோங்கன்னு அப்பா சொல்ற மாதிரி. சேனல்காரங்க வெட்டிட்டாங்க."

அடிமைகளுக்கு எசமானின் பெயரே ஒட்டிக்கொண்ட கதை ஆர்டெல்லாவுக்குத் தெரியும். அங்கேயே மூன்று படி ஏறினாள். கென்யாட்டா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், பாட்டு கேட்பதுபோல.

பிறகு விஷயத்துக்கு வந்தாள். மாதிரிக்கு ஓர் அத்தியாயம்தான் எடுக்கிறார்கள். ஒரே ஒரு சாயங்காலம். சேனல்காரர்கள் பின்னால் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார்கள். கூட்டம் சிரித்தால் தொடர் உண்டு, இல்லையென்றால் வீட்டைப் பிரித்துக் கிடங்கில் போட்டுவிடுவார்கள். ஆர்டெல்லா வர வேண்டும், சபையையும் கூட்டி வர வேண்டும்.

கென்யாட்டா போன பிறகு ஆர்டெல்லா அந்தப் பண்டத்தை வெட்டினாள். இரண்டு துண்டு சாப்பிட்டாள், கடையில் வாங்கினது என்று சொன்னதையும் மறந்து.

"அப்போ அந்த வீட்ல நம்மாளு யாரும் இல்ல. சிரிப்பு வந்தா சிரிச்சேன், வரலைன்னா கம்முனு இருந்தேன். இப்போ நம்ம புள்ளைங்க. எனக்கு சிரிப்பு வரலைன்னா என்ன பண்றது?"

"கொஞ்சம் சும்மா சிரிச்சு வையேன்."

என்னைப் பார்த்தாள். "நாப்பது வருஷமா உனக்கு ஆக்கிப் போடறேன். நல்லாயில்லாததை நல்லாயிருக்குன்னு எப்பவாவது சொல்லியிருக்கியா?"

நான் எழுந்து தட்டைக் கழுவப் போனேன்.

பதிவு நாளன்று அவள் ஊதாத் தொப்பியை எடுத்தாள். ஈஸ்டருக்கு வாங்கியது. சின்னக் குடை அளவு விளிம்பு, ஒரு பக்கம் இறகு. அது வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும் என்றேன். அவள் கண்ணாடி முன்னால் நின்று இறகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திவிட்டாள்.

ஸ்டுடியோவில் இருநூறு பேர். முன்வரிசைகள் மூன்றும் எங்கள் சபை. ஆர்டெல்லாவுக்கு இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவளுடைய சபைச் சிநேகிதி மோஜெல். பின்னால் இருந்த ஓர் ஆள் குனிந்து, "அம்மா, தொப்பியைக் கொஞ்சம் கழட்டினீங்கன்னா" என்று ஆரம்பித்தார். மோஜெல் திரும்பாமலே, "மாரீஸ், நீ போன ஞாயித்துக்கிழமையும் இதே தொப்பிக்குப் பின்னாடிதான் தூங்கினே" என்றாள். மாரீஸ் சாய்ந்துகொண்டார்.

திரை விலகியது. அதே மாடிப்படி. அதே பழுப்பு சோபா. அதன் மேல் கறுப்புக் குழந்தைகள் இரண்டு பேர் ஒரே போர்வைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆர்டெல்லா என் கையைப் பிடித்தாள். முதல் காட்சி நன்றாகவே போனது. மகள் அம்மாவிடம் கத்திவிட்டு மாடிக்கு ஓட நினைத்து, முதல் படியில் கால் வைத்ததும் அம்மாவின் முகத்தைப் பார்த்து அப்படியே பின்னால் நடந்து வந்தாள். கூட்டம் சிரித்தது. ஆர்டெல்லாவும் சிரித்தாள், ஆனால் அது சாதாரணச் சிரிப்பு. படி ஏறவில்லை.

இரண்டாவது காட்சிதான் பழைய தொடரைப் பார்த்த எல்லோருக்கும் நினைவிருக்கும் அந்தச் சாப்பாட்டு மேசைக் காட்சி. பழைய தொடரில் அப்பா உட்கார்ந்ததும் பாத்திரங்கள் கை மாறும், உருளைக்கிழங்கு பறக்கும், ஆளாளுக்கு ஒரு ஜோக். புதிய குடும்பமும் உட்கார்ந்தது. பொரித்த கோழி, மக்ரோனி, கீரை, சோள ரொட்டி. அப்பா கோழித் தொடையை எடுத்தார். ஜோக் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பையன் ரொட்டியை வீசினான். யாரும் சிரிக்கவில்லை. ஆறு ஜோக்குகள் வரிசையாக வந்து, வந்த வழியே திரும்பிப் போயின. எங்கேயோ ஒரு முள்கரண்டி தட்டில் பட்ட சத்தம் கேட்டது.

மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் அப்படியே. நடிகர்கள் குரலை உயர்த்தினார்கள், அது இன்னும் மோசம். கண்ணாடி அறையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இடைவேளை விட்டார்கள். கூட்டத்தை உற்சாகப்படுத்த ஒரு பையன் வந்து ஆடினான். கென்யாட்டா முதல் வரிசைக்கு வந்து முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். அவள் கையில் இருந்த தாள்கள் சுருட்டிச் சுருட்டிக் குழாயாகியிருந்தன. எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு, கண்ணு" என்றாள் மோஜெல்.

"ரொம்ப நல்லாயிருக்கு" என்றார் மாரீஸ்.

"புள்ளைங்க என்ன அழகா துணி போட்டிருக்கு" என்றாள் இன்னொருத்தி.

எங்கள் சபையில் யாருடைய சமையல் வாயில் வைக்க முடியாமல் இருந்தாலும் பாத்திரத்தைத்தான் புகழ்வார்கள். கென்யாட்டாவும் அப்படி ஒரு சபையில் வளர்ந்தவள், அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் விழுந்தது. மேடை நிர்வாகி வந்து குனிந்து, ஆர்டெல்லாவிடம் தணிந்த குரலில், அடுத்த முறை ஒன்றே ஒன்று சிரித்தால் போதும், மற்றவர்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்றார். நாற்பத்து நான்கு வருஷத்துக்கு முன் அவளிடம் ஒலிப்பதிவுக்காரர் வைத்த அதே வேண்டுகோள்.

ஆர்டெல்லாவின் கை என் கைக்குள் இருந்தது. அவள் விரல்கள் இறுகியது எனக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷம், சிரித்துவிடுவாள் என்றே நினைத்தேன். நம்ம புள்ளைங்க என்று சொன்னவள் அல்லவா. அவள் குனிந்து கென்யாட்டாவின் தோளைத் தொட்டாள்.

"கண்ணு, நாங்க சிரிக்கமாட்டோம்னு இல்ல. சிரிக்க முடியல. அவங்க இன்னும் ஜெபம் பண்ணலையே."

கென்யாட்டா மேடையிலிருந்த மேசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"தட்டு முன்னாடி உக்காந்தாச்சு. ஆமென் இன்னும் வரல. நடுவுல எப்படிம்மா சிரிக்கிறது? அந்தாளு கோழியைக் கையில எடுத்ததிலேர்ந்து தலையைக் குனியவா வேண்டாமான்னு உக்காந்திருக்கேன்."

மூன்று வரிசையும் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டது. "அதான்" என்றாள் மோஜெல். "அதேதான்" என்றார் மாரீஸ். எல்லோருக்கும் அதுதான் உறுத்தியிருக்கிறது, எது உறுத்துகிறது என்று தெரியாமலே.

கென்யாட்டா சுருட்டிய தாளால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவள் பிறந்ததிலிருந்து ஜெபம் இல்லாமல் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. எழுத்தாளர்கள் ஆறு பேரும் அன்று மதியம் வாங்கிவந்த பர்கருக்குக்கூடக் கை கோத்து ஜெபம் செய்திருக்கிறார்கள். செய்துவிட்டு, பழைய அத்தியாயத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மேசைக் காட்சியை வரிக்கு வரி அப்படியே பின்பற்றியிருக்கிறார்கள். பழைய வீட்டில் ஜெபம் இல்லை. ஆகவே இவர்கள் வீட்டிலும் இல்லை.

அவள் எழுந்து மேடைக்கு ஓடினாள். மாமாவாக நடித்த லூதர் கிரைம்ஸ் ஒரு டீக்கனின், அதாவது சபையில் ஜெபம் நடத்துகிறவரின் மகன். அவரிடம் காதில் ஏதோ சொன்னாள். எழுதித் தர நேரமில்லை, உங்கள் அப்பா எப்படிச் செய்வாரோ அப்படிச் செய்யுங்கள் என்றாளாம். லூதர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் முறை எடுத்தார்கள். குடும்பம் உட்கார்ந்தது. அப்பாவின் கை கோழியை நோக்கி நீண்டது. அம்மா ஒரு பார்வை பார்த்தாள். கை திரும்பிப் போனது. "மாமா, நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றாள் அம்மா. குழந்தைகள் நான்கு பேரும் ஒரே குரலில் முனகினார்கள். அங்கேயே கூட்டத்தில் முதல் சலசலப்பு.

லூதர் தலையைக் குனிந்தார். "ஆண்டவரே" என்றார். நிறுத்தினார். "ஆண்டவரே" என்றார், இன்னும் நீளமாக.

"ஆமா" என்றது எங்கள் வரிசை. அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தலைகளும் தாமாகவே குனிந்துவிட்டன.

"நெடுஞ்சாலையில போறவங்களை நினைச்சருளும். ஆஸ்பத்திரியில இருக்கறவங்களை நினைச்சருளும். ஆஸ்பத்திரியில இருக்க வேண்டியவங்க, பிடிவாதமா போகமாட்டேங்கறவங்க, அவங்களையும் நினைச்சருளும். அவர் பேர் உமக்குத் தெரியும், எனக்கு எதிர்லதான் உக்காந்திருக்கார்."

"நினைச்சருளும்" என்றார் மாரீஸ்.

"இந்தக் கோழியைப் பொரிச்ச கைகளை ஆசீர்வதியும். பொரிக்கும்போது எட்டிக்கூடப் பாக்காத கைகளையும் ஆசீர்வதியும். அதுங்களுக்குத்தான் அதிகம் தேவைப்படுது."

சோள ரொட்டியை நோக்கிப் பையனின் விரல்கள் மேசைத்துணி மேல் ஊர்ந்து வந்தன. அம்மா கண்ணைத் திறக்காமல், தலையை நிமிர்த்தாமல், சரியாக அந்தக் கை மேல் ஓர் அடி வைத்தாள்.

என் பக்கத்தில் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரு படி. இரண்டு. மூன்று. விக்கல். "ஐயோ கர்த்தாவே" என்றாள் ஆர்டெல்லா, அது ஜெபத்திலேயே ஒரு வரி போல விழுந்தது. அதற்கு மேல் லூதர் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. மோஜெல் என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தாள், நடுவில் ஆர்டெல்லா இருந்ததைப் பற்றிக் கவலைப்படாமல். ஜெபம் நான்கு நிமிஷம் ஓடியது. ஆமென் வந்தபோது நாங்கள் இருநூறு பேரும் சொன்ன ஆமெனில் மேலே தொங்கிய மைக் ஆடியது என்று இந்தத் தொடரின் ஒலிப்பதிவுக்காரர் பிறகு சொன்னார். அதற்கப்புறம் அதே பழைய ஜோக்குகள்தான். ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் சிரிப்பு.

சேனல்காரர்கள் தொடரை எடுத்துக்கொண்டார்கள். அது இரண்டு வருஷம் ஓடியது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் லூதரின் ஜெபம் இருந்தது, அதற்காகவே பார்த்தவர்கள் உண்டு. பதிவு முடிந்த அந்தச் சாயங்காலம் கென்யாட்டா ஆர்டெல்லாவை மேடைக்குக் கூட்டிப்போய் அந்தப் பழுப்பு சோபாவில் உட்கார வைத்தாள். ஆர்டெல்லா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, மெதுவாக எழும்பி எழும்பிப் பார்த்தாள்.

"ஸ்பிரிங் குத்துது" என்றாள். "இதுக்குத்தானா நான் இத்தனை வருஷம் ஆசைப்பட்டேன்."

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாம் காமிராவை இயக்கியவர் டெலானோ. அவரும் சபைக்குப் போகிறவர். லூதர் "ஆண்டவரே" என்று ஆரம்பித்ததும் டெலானோ வேலையை மறந்து, கண்ணை மூடித் தலையைக் குனிந்துவிட்டார். கை மட்டும் காமிராக் கைப்பிடியிலேயே இருந்தது. காமிரா தானாக மெல்ல நகர்ந்து கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டது. அப்புறம் பதிவைப் போட்டுப் பார்த்தவர்கள் அதை வெட்டப் போனார்கள். கென்யாட்டா விடவில்லை. முதல் அத்தியாயத்தின் முடிவில், பெயர்கள் ஓடும்போது, அந்தப் படம் வரும்.

ஒளிபரப்பான அன்று மோஜெல், மாரீஸ் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் ஆர்டெல்லா டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். ஐந்து வருஷம் சிரித்தும் ஒருமுறைகூடத் திரும்பாத காமிரா, கடைசியில் அவளை நேராகப் பார்க்கிறது. முதல் வரிசை, நடு இருக்கை. திரை முழுக்க ஒரு பெரிய ஊதாத் தொப்பி. அதற்குக் கீழே முகம் இல்லை. தலை குனிந்திருக்கிறது. இறகு மட்டும் சிரிப்பில் குலுங்கிக் குலுங்கி ஆடுகிறது.

"நான்தான் அந்தத் தொப்பி வேண்டாம்னு சொன்னேன்" என்றேன்.

"வாயை மூடு, வாத்தியாரே" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூன்று படி ஏறி, விக்கி, கர்த்தரைக் கூப்பிட்டாள். மோஜெல் அவளை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டியிருந்தது.

போன மார்ச்சில் அவளை அடக்கம் செய்தோம். சபை மண்டபத்தில் சாப்பாடு போட்டார்கள். மக்ரோனியை மோஜெல் செய்திருந்தாள். லூதர் கிரைம்ஸ் கறுப்புக் கோட்டில் வந்திருந்தார், அவரை ஜெபம் செய்யச் சொன்னார்கள். அவர் எழுந்து, பொத்தானைப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தார்.

"ஆண்டவரே" என்றார். நிறுத்தினார்.

"லூதர், மக்ரோனி ஆறிப்போகுது" என்றாள் மோஜெல்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. தலையைக் குனிந்தபடியே சிரித்தோம், ஆமென் வருவதற்கு முன்னாலேயே. வாசலில் கையுறை போட்டு நின்றவர்களும் சிரித்தார்கள்.